சுற்றிப் போடும் உப்பும் கரைத்துக் கொடுக்கும் உப்பும்

நமது நாட்டில் உப்பு படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. குழந்தை விடாமல் அழுதால் உப்பையும் மிளகாயையும் கையில் அள்ளி மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். உடம்பில் மரு கண்டால் உப்பையும் மிளகையும் விலைக்கு வாங்கிக் கொண்டுபோய்க் கோயிலில் கொட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் லட்சுமி வீட்டுக்குள் வருவாள் என்கிறார்கள். விளக்கு வைத்த பிறகு அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு கரண்டி உப்புக் கொடுத்தால் அதே லட்சுமி வெளியே போய்விடுவாள் என்கிறார்கள். ஒரு கரண்டி உப்போடு ஓடிப்போகக்கூடிய லட்சுமியை நம்பி என்ன குடித்தனம் நடத்த முடியும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இவ்வளவு காரியங்களுக்கும் உப்பை உபயோகப்படுத்தத் தெரிந்த நம் ஜனங்களுக்கு, அந்த உப்பு தங்கள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது, அது குறைந்தால் என்ன கேடு, கூடினால் என்ன கேடு, தங்கள் நிலத்தில் அது ஏறினால் பயிர் ஏன் கருகுகிறது என்கிற சங்கதிகள் மாத்திரம் தெரிவதில்லை. இதனால் வரும் நஷ்டம் காசு நஷ்டமாக மாத்திரம் இருந்தால் நாம் இதைப்பற்றி எழுத வந்திருக்க மாட்டோம். உயிர் நஷ்டமாக இருப்பதாலேயே எழுதுகிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, வயிற்றுப்போக்கு ஒன்றினால் மாத்திரம் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் உலகத்தில் சாகின்றன. இவற்றில் பெரும்பாகம் தடுக்கக்கூடிய சாவு. தடுக்கிற மருந்து எது என்றால், உப்பும் சர்க்கரையும் அளவோடு கரைத்த தண்ணீர். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆகையால் நம்பும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்லுகிறோம், யோசித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

உப்பின் சட்டம்

உப்பு என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்த ஒரு கூட்டு. ஒன்று சோடியம், அது தண்ணீரில் பட்டால் சீறி எரியும் உலோகம். மற்றொன்று குளோரின், அது மூச்சில் பட்டால் நெஞ்சைப் பொசுக்கும் விஷவாயு. 1915-ல் ஐரோப்பிய யுத்தத்தில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில், எதிரிச் சிப்பாய்களைக் கொல்ல ஜெர்மானியர் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். தனித்தனியே கொல்லக்கூடிய இரண்டும் சேர்ந்தால், ரசத்துக்குப் போடுகிற உப்பாகின்றன. இதற்கு மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. பொருள்களின் குணம் அவ்வளவுதான்.

இந்த உப்புக்கு ஒரு சட்டம் உண்டு. அதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். எலுமிச்சங்காயை நறுக்கி உப்பைத் தூவி ஜாடியில் மூடி வையுங்கள். மறுநாள் திறந்தால், ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாத ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது? காய்க்குள் இருந்து வந்தது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அது ஊறிப் பருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? திராட்சைக்குள் போயிற்று. மெல்லிய ஒரு சவ்வுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் இருந்தால், உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கத்தில் அதிகமாகக் கரைந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். சட்டம் இவ்வளவுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பேர். 1748-ல் பிரான்சு தேசத்து நொல்லே என்பவர் பன்றியின் மூத்திரப்பையை வைத்து இதைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் ஒல்லாந்து தேசத்து வான்ட் ஹாஃப் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். ரசாயனத்துக்கு முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்கே கொடுக்கப்பட்டது.

ஊறுகாய் ஜாடிக்குள் வேலை செய்கிற இந்தச் சட்டம்தான் நம் இரத்தத்துக்குள்ளும் வேலை செய்கிறது. நம் வயலிலும் வேலை செய்கிறது. இதைத்தான் நாம் இங்கே சொல்ல வருகிறோம்.

இரத்தத்தில் வருணம் உண்டா?

ஆஸ்பத்திரியில் நோயாளியின் கைநரம்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீரைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதில் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. ஏன் 9 கிராம்? நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் அந்த அளவில்தான் பருக்காமலும் சுருங்காமலும் இருக்கும். வெறும் தண்ணீரில் போட்டால் அவை திராட்சையைப்போல் ஊறி வெடித்துவிடும். கடுமையான உப்புநீரில் போட்டால் எலுமிச்சங்காயைப்போல் தண்ணீரைக் கக்கிச் சுருங்கிவிடும்.

இந்த அளவு யாருக்கு வேறு? தலையில் பிறந்தேன் என்று சொல்லிக்கொள்ளுகிறவனுக்கு ஓர் அளவும், காலில் பிறந்தவன் என்று அவனால் சொல்லப்படுகிறவனுக்கு வேறோர் அளவுமா இருக்கிறது? இரத்தத்தைச் சோதிக்கிறவர்கள் வைத்திருப்பது ஒரே அளவுகோல்தான். தொட்டால் தீட்டு என்கிறவன் வாந்திபேதியில் விழுந்தாலும், தீண்டப்படாதவன் என்கிறவன் விழுந்தாலும், டாக்டர் ஏற்றுவது அதே உப்புநீர்தான். வேதத்திலும் மனுவிலும் கண்ட பேதம் இரத்தத்தின் உப்பில் இல்லை என்றால், எது பொய் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

இந்த அளவைக் காக்கும் வேலை சிறுநீரகங்களுடையது. அவை ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் 100-க்கு 99 பங்கைத் திருப்பி இரத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. அதிகமான உப்பை வெளியே தள்ளுகின்றன. குறைவாக இருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளுகின்றன. "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்" என்ற பழமொழியைக் கர்ம பலனுக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். அதில் கர்மமும் இல்லை, முன்ஜென்மமும் இல்லை. இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை தாகத்தைக் கிளப்புகிறது என்கிற சரீர சாஸ்திரம்தான் அதில் இருக்கிறது.

வாந்திபேதியும் அம்மனும்

முன்காலத்தில் ஓர் ஊரில் வாந்திபேதி கண்டால் அம்மனுக்குக் கோபம் என்றார்கள். வங்காளத்தில் இதற்கென்றே ஒரு தேவதையை வைத்து, இந்துக்கள் ஓலைச்சண்டி என்றும் முஸ்லிம்கள் ஓலா பீபி என்றும் கும்பிட்டார்கள். மதம் இரண்டாக இருந்தாலும் பயம் ஒன்றாகவே இருந்தது. கூழ் ஊற்றினார்கள், கடா வெட்டினார்கள். பேதியோ பூசாரி வீட்டுக்கும் போயிற்று. மேல்நாட்டாரும் அப்போது நம்மைவிடப் புத்திசாலிகளாக இல்லை. உடம்பில் நீரே வற்றிப்போன நோயாளிக்கு, அங்கிருந்த வைத்தியர்கள் இரத்தத்தை வேறு கத்தியால் கீறி வெளியேற்றினார்கள். பேதிக்கு மருந்தும் கொடுத்தார்கள். மூடத்தனத்துக்கு வெள்ளைத்தோல், கருப்புத்தோல் என்கிற வித்தியாசம் இல்லை.

1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, ஒஷானெஸி என்ற 22 வயது வாலிப டாக்டர், நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற டாக்டர், 1832-ல் ஸ்காத்லாந்தின் லீத் நகரத்தில், சாகக் கிடந்த ஒரு கிழவியின் நரம்பில் உப்புநீரை ஏற்றினார். குழிவிழுந்த கண் தெளிந்தது. ஜில்லிட்ட உடம்பு சூடேறியது. பேதி நிற்காமல் போய், மறுபடி நீர் ஏற்றப்படாததால் அவள் சில மணி நேரத்தில் இறந்தாள். ஆனாலும் பிறகு அவர் கையில் சிலர் பிழைத்தார்கள். பெரிய டாக்டர்களோ இதை ஒப்புக்கொள்ளாமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பழைய கத்தியையே எடுத்துக்கொண்டார்கள்.

நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் பிரித்துக் காட்டினார். அது கக்கும் விஷம் குடலுக்குள்தான் வேலை செய்கிறது என்பதை அதே கல்கத்தாவில் சம்பு நாத் டே என்பவர் 1959-ல் மெய்ப்பித்தார். அந்த விஷம் குடலின் சுவரைத் தூண்டி உப்பைக் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. உப்பு போன பக்கம் தண்ணீர் போகும் அல்லவா? ஆகவே உடம்பின் தண்ணீர் எல்லாம் குடலுக்குள் வந்து வெளியே போய்விடுகிறது. கடுமையான நோயில் ஒரு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். காலை நன்றாக இருந்த மனிதன் மாலைக்குள் பிணமாவதன் ரகசியம் இதுதான். இதில் எந்த இடத்தில் அம்மன் வருகிறாள்?

பொங்காவ் முகாமில் நடந்தது

நரம்பில் ஏற்ற ஊசி வேண்டும், சுத்தமான நீர்ப்புட்டி வேண்டும், கைதேர்ந்த ஆள் வேண்டும். ஏழைக்கு இவை எங்கே கிடைக்கும்? வாயால் குடித்தால் போதாதா என்றால், வெறும் தண்ணீரும் உப்பும் அந்தக் குடலில் சரியாக ஏறுவதில்லை. இதற்கு வழி 1960-ல் தெரிந்தது. ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி, குடலின் சுவரில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகச் சேர்ந்து உள்ளே போகிற ஒரு வாசல் இருக்கிறது என்றார். காலராவின் விஷம் இந்த வாசலை மூடுவதில்லை. எனவே உப்போடு சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால், சர்க்கரை உப்பைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போகிறது. உப்புக்குப் பின்னால் தண்ணீரும் போகிறது. டாக்காவில் 1968-ல் நாலின், காஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் இதைக் காலரா நோயாளிகளிடம் பரீட்சித்து, ஊசி வழியாக ஏற்ற வேண்டிய நீரில் 100-க்கு 80 பங்கு மிச்சமாவதைக் காட்டினார்கள்.

பெரிய பரீட்சை 1971-ல் வந்தது. வங்காளதேச யுத்தத்தில் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லையைத் தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். காலராவும் கூடவே வந்தது. பொங்காவ் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஏற்றுகிற நீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் அங்கே இருந்தார். அவர் கல்கத்தாவில் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் தாய்மார், அண்ணன் தம்பிமார் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அதற்கு முன் 100-க்கு 20 முதல் 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 100-க்கு 4 பேருக்கும் குறைவாக இறங்கிற்று. அங்கே எந்த யாகமும் நடக்கவில்லை. பட்டம் பெற்ற வைத்தியர் ஒவ்வொரு பாய்க்கும் வரவில்லை. எழுத்து வாசனை இல்லாத தாய் டம்ளரைப் பிடித்தாள், பிள்ளை பிழைத்தது. 1978-ல் லண்டனின் "லான்செட்" என்ற வைத்தியப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றம் இதுவாகவே இருக்கலாம் என்று எழுதிற்று. மஹலனாபிஸ் 2022-ல் இறந்தார். இறந்த பிறகே, 2023-ல், அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. சாமியார் பேர் தெரியாத வீடு நம் நாட்டில் இல்லை. இவர் பேர் தெரிந்த வீடு எத்தனை?

அதற்கப்புறம் வங்காளதேசத்தில் பிராக் என்ற ஸ்தாபனம், 1980 முதல் பத்து வருஷத்தில், 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் படியேறிப்போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் தண்ணீரில் கலக்கும் விதத்தைத் தாய்மாருக்குக் கற்பித்தது. கற்பித்தவர்களுக்குக் கூலி எப்படி என்றால், பிறகு போய்க் கேட்கும்போது தாய் எவ்வளவு சரியாகச் சொல்லுகிறாளோ அதற்குத் தக்கபடி கூலி. நமது புரோகிதர்களுக்கும் இந்தக் கணக்கில் தட்சணை என்று வைத்தால் எத்தனை பேர் அந்தத் தொழிலில் மிஞ்சுவார்கள்?

அளவே மருந்து

இங்கே ஒரு எச்சரிக்கை. உப்பு நல்லது என்று அள்ளிப் போட்டால் அதுவே விஷம். உப்பு கூடின நீர், குழந்தையின் உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் இழுத்துவிடும். மூளை கெடும். சர்க்கரை கூடினாலும் பேதி அதிகமாகும். ஆகவே கைமருந்தில் கண்திட்டம் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகவும் மருந்துக்கடையில் சொற்ப விலைக்கும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், 1 லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் இருக்கிறது. இது உலக சுகாதார ஸ்தாபனம் 2002-ல் திருத்தி வகுத்த அளவு. பொட்டலத்தின்மேல் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய சிறு கரண்டியால் சர்க்கரை ஆறு கரண்டி, உப்பு அரைக் கரண்டி. இதற்கு மேல் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, போகப்போகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, சோற்றையும் நிறுத்தக்கூடாது. சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்க வேண்டும். குழந்தை துவண்டு போனாலும், குடிக்க முடியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே ஒழிய, குடல் தட்டுகிறவனிடம் அல்ல.

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கு வறள விடுகிறார்களே, அது பெரிய கொடுமை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஓட்டை அடைந்துவிடுமா? பானைதான் காலியாகும்.

ஏமாற்று கோயில் வாசலில் மாத்திரம் இல்லை, கடைவீதியிலும் உண்டு. வெறும் சர்க்கரைப் பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பேர் சூட்டி வியாபாரம் செய்தார்கள். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரை அப்படி உபயோகிக்கக் கூடாது என்று தடுத்தது. ஆகையால் வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் அளவைப் படித்துப் பாருங்கள்.

பேதி இல்லாத காலத்திலும் அளவு அளவுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அதாவது ஒரு சிறு கரண்டிக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் தின்றால் இரத்த அழுத்தம் ஏறும். இருதயமும் சிறுநீரகமும் கெடும். அது தலையெழுத்தல்ல, இலையெழுத்து.

மண்ணுக்கும் அதே சட்டம்

நிற்க. உடம்பை விட்டு வயலுக்கு வருவோம். பயிரின் வேர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுப்பதும் அதே சட்டப்படிதான். வேருக்குள் இருப்பதைவிட மண்ணில் உப்பு ஏறிவிட்டால், வயலில் தண்ணீர் நின்றாலும் பயிர் தாகத்தால் கருகும். பாய்ச்சுகிற தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் உப்பு உண்டு. வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. வடிகால் இல்லாமல் பாய்ச்சிக்கொண்டே இருந்தால், உப்பு வருஷா வருஷம் மண்ணில் சேரும்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்து நாகப்பட்டினம் கடற்கரை வயல்களில் கடல்நீர் ஏறிற்று. இனி அந்த மண் விளையாது என்று தலையில் கைவைத்தவர்கள் பலர். விவசாயிகள் என்ன செய்தார்கள்? வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கினார்கள், உப்பைக் கரைத்து வடியவிட்டார்கள், ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-ன் பருவமழை மிச்சத்தைக் கழுவிற்று. நிலம் திரும்ப விளைந்தது. பரிகார பூஜையால் விளைந்தது என்று யாராவது சொன்னால், வடிகாலை அடைத்துவிட்டுப் பூஜை மாத்திரம் செய்து காட்டட்டும்.

கடவுளை நம்பாதவர்களையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. கடவுள் இல்லை என்று சொன்ன சோவியத் சர்க்கார், பருத்தி விளைவிப்பதற்காக மத்திய ஆசியாவின் அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு நதிகளை வாய்க்கால்களில் திருப்பியது. 1960-ல் 68,000 சதுர கிலோமீட்டர் பரந்து, உலகத்தின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடல் வற்றத் தொடங்கிற்று. லிட்டருக்கு 10 கிராமாக இருந்த உப்பு, தெற்குப் பாகத்தில் 100 கிராமுக்கு மேல் போயிற்று. மீன்கள் செத்தன. மொய்னாக் என்ற துறைமுகத்தின் படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வறண்ட தரையின் உப்புப்புழுதி காற்றில் பறந்து ஊர்களின்மேல் விழுகிறது. 2005-ல் கஜகஸ்தானத்தில் கோக்-ஏரல் அணை கட்டிய பிறகு வடக்கு ஏரியில் மாத்திரம் நீரும் மீனும் கொஞ்சம் திரும்பின. கடவுளை மறுத்தால் மாத்திரம் பகுத்தறிவு வந்துவிடாது. கணக்குப் பார்க்காமல் போடுகிற திட்டமும், கேள்வி கேட்கவிடாத அதிகாரமும், மூடநம்பிக்கையைச் சேர்ந்தவையே. மேலிடத்து உத்தரவுக்கு உப்பு பயப்படாது.

"சுற்றிப் போட்டால் என்ன நஷ்டம்?"

கடைசியாகச் சிலர் கேட்பார்கள்: "சுற்றிப் போடுகிறது ஒரு பிடி உப்பு. அதனால் என்ன நஷ்டம்? அதையும் செய்துவிட்டு மருந்தும் கொடுத்தால் போகிறது" என்று. நஷ்டம் உப்பல்ல, நேரம். பேதி கண்ட சிறு குழந்தையின் உடம்பில் தண்ணீர் மணிக்கணக்கில் வற்றுகிறது. கண் பட்டது என்று ஒரு பொழுது, மந்திரிக்கிறவன் வரட்டும் என்று ஒரு பொழுது, நாளை செவ்வாய்க்கிழமை ஆகட்டும் என்று ஒரு பொழுது. இந்த மூன்று பொழுதுக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. பிறகு விதி என்று சொல்லி அழுகிறார்கள்.

முன்னோர் சொன்னதெல்லாம் தப்பு என்றும் நாம் சொல்லவில்லை. பேதிக்கு உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி கொடுத்த பாட்டி சரியான காரியத்தைத்தான் செய்தாள். அரிசி குடலில் சர்க்கரையாக மாறுவதால் அது வேலை செய்கிறது, பரிசோதித்தும் பார்த்துவிட்டார்கள். கஞ்சியை வைத்துக்கொள்ளுகிறோம். மிளகாயோடு அடுப்பில் போடுவதை விட்டுவிடுகிறோம். பழையதா புதியதா என்பதல்ல கேள்வி; பரீட்சையில் நின்றதா என்பதே கேள்வி.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். கரைக்கும் அளவை வீட்டுப் பெண்களோடு ஆண்களும் மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்கு மாத்திரம் ஏற்பட்ட வேலை அல்ல. படிப்பகத்தின் சுவரிலும் டீக்கடைப் பலகையிலும் அந்த அளவைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வீட்டில் குழந்தைக்குப் பேதி என்று கேட்டால், விளக்கு வைத்த பிறகாக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் சரி, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கரைத்துக் கொடுங்கள். லட்சுமி போனால் போகட்டும், குழந்தை இருக்கட்டும்.